புகைப்புரையில் ஒரு டிரான்சிஸ்டர்

குழு: குலசேகரம் குடும்பம்

சனிக்கிழமை

குலசேகரம் பெரியம்மா: புகைப்புரையில் உலரப் போட்ட ரப்பர் ஷீட்டில் நேற்று இரவும் குமிழி விழுந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 14 ஷீட். ஈர விறகு பற்றவில்லை என்று கூடுதலாகத் திணித்தேன். விடியற்காலையில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது.

குலசேகரம் பெரியம்மா: (படம்)

மார்த்தாண்டம் அத்தை: ஐயோ, நல்ல முதல் தரத்துக்குப் போக வேண்டிய ஷீட் அல்லவா!

நான்: பெரியம்மா, உள்ளே ஒரு டிஜிட்டல் வெப்பமானி மாட்டியிருந்தீர்களே?

குலசேகரம் பெரியம்மா: அது ஒரே மாதத்தில் கண்ணை மூடிவிட்டது மக்களே. புகை, ஈரம், ஆசிட் வாடை எல்லாம் சேர்ந்து உள்ளே கரியாகப் படிந்துவிட்டது. அடுப்படியில் இருந்தபடியே உள்ளே எவ்வளவு சூடு என்று தெரிய ஒரு வழி சொல்லுங்கள். இந்த ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு இரவில் நான்கு தடவை போய்வர என் முட்டு இடம் கொடுக்கவில்லை.

தக்கலை சித்தப்பா: மைனி, எவ்வளவு சூடு வரை தாங்கும்?

குலசேகரம் பெரியம்மா: முதல் நாள் 40, 45. பிறகு மெல்ல ஏற்றி 60 வரை கொண்டுபோகலாம் தம்பி. அதைத் தாண்டினால் குமிழிதான். மிகவும் தாழ்ந்தால் உலர நாளாகிப் பூஞ்சை பிடிக்கும்.

தக்கலை சித்தப்பா: அப்படியென்றால் ஒரு பிசி547 போதும். நாலைந்து ரூபாய் டிரான்சிஸ்டர். மக்களே, அதன் மூன்று கால்களில் கலெக்டரையும் பேஸையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவை. இப்போது அது இரண்டு கால் உள்ள பொருள். 5 வோல்ட்டிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக அந்த முறுக்கிய காலுக்குக் கொடு, மூன்றாவது காலான எமிட்டரை மின்சப்ளையின் தரைக் கம்பியில் சேர். மீட்டரை அதன் குறுக்கே வை. கையால் பொத்திப் பிடித்து என்ன ஆகிறது என்று சொல்.

நான்: செய்துவிட்டேன். மேசையில் 573 மில்லிவோல்ட் இருந்தது. இரண்டு விரலால் பிடித்ததும் 570, 567 என்று இறங்கி 564இல் நிற்கிறது. விட்டால் மெதுவாக ஏறுகிறது.

தக்கலை சித்தப்பா: அதுதான் வெப்பமானி. ஒரு டிகிரி கூடினால் இரண்டு மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும். சூடு ஏறினால் அதே மின்னோட்டத்தைத் தள்ள, உள்ளே பேஸும் எமிட்டரும் சேரும் சந்திக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும். அந்தக் குறைவைத்தான் நீ படிக்கிறாய்.

தக்கலை சித்தப்பா: இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கோவில் திருவிழாவுக்குப் போன ஆம்ப்ளிபயர், 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்டது, இரவு பத்து மணிக்கு எரிந்து வந்தது. பார்த்தால், அந்த ஜோடியின் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கிலிருந்து கழற்றி யாரோ போர்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது ஹீட்சிங்க்கோடு ஒட்டியிருக்க வேண்டும். பவர் டிரான்சிஸ்டர் சூடாகும்போது இதுவும் சூடாகி, தன் மின்னழுத்தத்தைக் குறைத்து, அவற்றை அடக்க வேண்டும். வெளியே குளிர்ந்த காற்றில் தொங்கினால் அதற்கு எதுவும் தெரியாது. சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், மின்னோட்டம் சூட்டைக் கூட்டும், கடைசியில் புகை. அன்று ஹீட்சிங்க்கில் பேஸ்ட் தடவி அதைத் திருகி முறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இது பெருக்கி வேலை செய்யவில்லை, சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று.

பெங்களூரு அண்ணன்: சித்தப்பா, நாங்கள் சிப்புக்குள் செய்வதும் இதேதான். அம்மா, கவலைப்படாதீர்கள், இது நடக்கும்.

நான்: 47 கிலோ ஓம் எதற்கு? சின்ன ரெசிஸ்டர் போட்டால் மின்னோட்டம் கூடி நன்றாகப் படிக்காதா?

பெங்களூரு அண்ணன்: அப்படிப் போடக் கூடாது. இப்போது ஓடுவது சுமார் 93 மைக்ரோஆம்பியர். டிரான்சிஸ்டருக்குள் எரியும் சக்தி 56 மைக்ரோவாட்தான், அதனால் அது தன்னைத்தானே சூடாக்குவது டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு அளவே. 470 ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும், ஒரு டிகிரிக்கு மேல் தன் சூட்டையே காட்டும். இன்னொன்று, 5 வோல்ட் அசையாமல் இருக்க வேண்டும். அது பத்து சதவீதம் ஆடினால் ஒரு டிகிரிக்கு மேல் பொய் வரும். செல்போன் சார்ஜரை நம்பாதே, 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசியைப் போடு.

ஞாயிற்றுக்கிழமை

நான்: காலையில் ஐஸ் கட்டியை நொறுக்கித் தண்ணீரோடு குழைத்து, பிசி547 இரண்டை அளந்தேன். காலில் சுருங்கு உறை போட்டு எபாக்சி பூசியிருக்கிறேன், தண்ணீர் படாது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து பாதரச வெப்பமானியும் நல்ல மீட்டரும் கேட்டு வாங்கி வந்தேன்.

நான்: முதலாவது, 0 டிகிரியில் 639, 50 டிகிரியில் 526. இரண்டாவது, 634, 521. ஒரே கடை, ஒரே பாக்கெட். 5 மில்லிவோல்ட் வித்தியாசம் ஏன்?

தக்கலை சித்தப்பா: சரிவைப் பார். இரண்டுக்கும் 50 டிகிரிக்கு 113 மில்லிவோல்ட். சரிவு ஒன்றுதான், தொடங்கும் இடம்தான் வேறு. ஐஸில் முக்கியபோது வந்த எண்ணை ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டு, முடிந்தது.

பெங்களூரு அண்ணன்: எழுதி ஒட்டாமலே ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்த 5 மில்லிவோல்ட் வித்தியாசம் தெவிட்டு மின்னோட்டம் என்ற ஒன்றால் வருகிறது. ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் அது வேறு வேறு. ஆனால் ஒரே டிரான்சிஸ்டரில் முதலில் ஒரு மின்னோட்டம், பிறகு பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் ஓடவிட்டு, இரண்டு மின்னழுத்தத்தையும் கழித்துப் பார். இரண்டிலும் அதே தெவிட்டு மின்னோட்டம் இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, போல்ட்ஸ்மன் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தது, அதாவது 86.17 மைக்ரோவோல்ட், பெருக்கல் கெல்வின் வெப்பநிலை, பெருக்கல் மின்னோட்ட விகிதத்தின் இயல் மடக்கை. அவ்வளவுதான். அந்தக் கணக்கில் டிரான்சிஸ்டரின் பெயரே வராது. விகிதம் 10 என்றால் ஒரு டிகிரிக்கு 198 மைக்ரோவோல்ட்.

நான்: 470 கிலோ ஓம் ஒன்றும் சேர்த்து மாற்றி மாற்றி அளந்தேன். ரெசிஸ்டர் குறுக்கே மின்னழுத்தம் பார்த்ததில் விகிதம் 9.88 வருகிறது. ஐஸில் முதல் டிரான்சிஸ்டருக்கு 53.9 மில்லிவோல்ட்.

நான்: இரண்டாவதற்கும் 53.9!!

பெங்களூரு அண்ணன்: 9.88இன் இயல் மடக்கை 2.29. கணக்குப் போட்டுப் பார்.

நான்: 273. ஐஸுக்குச் சரியாக வருகிறது. நான் ஐஸ் வைத்து எதையும் திருத்தவே இல்லையே!

பெங்களூரு அண்ணன்: இப்போது புரிகிறதா? கம்ப்யூட்டர் ப்ராசஸருக்குள் சூட்டைப் பார்ப்பதும் இப்படித்தான். லட்சக்கணக்கில் செய்து தள்ளும் சிப்பை ஒவ்வொன்றாக ஐஸில் முக்க முடியாது. இந்த வித்தியாசம் சூடு ஏற ஏற ஏறும், நீ முதலில் அளந்தது சூடு ஏற ஏற இறங்கும். இரண்டையும் சரியான அளவில் கூட்டினால் சூட்டுக்கு அசையாத சுமார் 1.2 வோல்ட் கிடைக்கும். பாப் விட்லர் அதைச் சிப்புக்குள் கொண்டுவந்தார், 1974இல் பால் ப்ரோக்காவ் இன்னும் எளிதாக்கினார். உன் 7805 போன்றவை அசையாமல் நிற்பதற்கு அடியில் இருப்பதும் இந்த யோசனைதான்.

மார்த்தாண்டம் அத்தை: எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது. தேன் பெட்டிக்குள்ளும் இதை வைக்கலாமா? குஞ்சு இருக்கும் அடையின் நடுவே தேனீக்கள் 35 டிகிரியை ஒட்டியே காக்கும். பெட்டியைத் திறந்தால் அவற்றுக்குத் தொந்தரவு.

தக்கலை சித்தப்பா: தாராளமாக அக்கா. மழை விட்டதும் வருகிறோம். மெழுகு ஒட்டாத குழாயில் வைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை

நான்: குலசேகரத்தில் இருக்கிறேன். டிரான்சிஸ்டரைச் சின்ன அலுமினியக் குழாயில் வைத்து இரண்டு முனையையும் அடைத்து, அடுப்புக்கு நேரே இல்லாமல் நடு மூங்கில் கழியில், ஷீட் தொங்கும் உயரத்தில் கட்டினேன். அடுப்படி வரை 30 மீட்டர் மெல்லிய இரட்டைக் கம்பி. இரண்டு மின்னோட்ட முறைதான் போட்டிருக்கிறேன். ஆனால் பாதரச வெப்பமானியைவிட இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. வீட்டில் அச்சாக வந்ததே!

தக்கலை சித்தப்பா: கம்பியின் மறுமுனையைச் சேர்த்துப் பிடித்து ஓம் பார்.

நான்: 5.3 ஓம்.

பெங்களூரு அண்ணன்: ஆம், அதுதான். இரண்டு மின்னோட்டத்துக்கும் வித்தியாசம் 83 மைக்ரோஆம்பியர். 5.3 ஓமில் அது 0.44 மில்லிவோல்ட். ஒரு டிகிரிக்கு 0.197 மில்லிவோல்ட்தான் கிடைக்கிறது, ஆகவே 2.2 டிகிரி பொய். கம்பியின் மின்தடையைக் கழித்துக் கணக்கிடலாம், அல்லது மூன்றாவதாக இன்னொரு மின்னோட்டம் ஓடவிட்டு அதை விலக்கலாம்.

தக்கலை சித்தப்பா: அல்லது ஒரே மின்னோட்டத்துக்குத் திரும்பலாம். அதே 5.3 ஓம் அங்கே அரை மில்லிவோல்ட். ஒரு டிகிரிக்கு 2.26 மில்லிவோல்ட் இருக்கும்போது அது கால் டிகிரிகூட வராது. மைனிக்குக் கணக்குப் போடும் பெட்டி வேண்டாம், மலிவான மீட்டரும் போதும். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், அதையும் நாம் ஐஸில் முக்கிவிட்டோம்.

பெங்களூரு அண்ணன்: சித்தப்பா சொல்வதே சரி. புகைப்புரைக்கு அதுதான் பொருத்தம். நான் ஆயிரக்கணக்கில் யோசித்துப் பழகிவிட்டேன்.

நான்: இன்னொன்று. கைபேசியைக் கம்பி அருகே வைத்தால் எண் தாவுகிறது.

தக்கலை சித்தப்பா: அந்தச் சந்தி ரேடியோ அலையையும் திருத்திக் கொடுக்கும், பழைய ரேடியோ டிடெக்டர் டயோடு மாதிரி. இரண்டு கம்பியையும் நன்றாக முறுக்கு. குழாய்க்குள்ளேயே டிரான்சிஸ்டரின் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று பற்றவை.

நான்: நின்றுவிட்டது.

நான்: பெரியம்மா, மீட்டர் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். 40 டிகிரிக்கு 549, 50க்கு 526, 60க்கு 503. எண் குறைந்தால் சூடு கூடுகிறது என்று பொருள், மறக்க வேண்டாம்.

குலசேகரம் பெரியம்மா: தராசு மாதிரி என்று நினைத்துக்கொள்கிறேன். ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். தூங்கிவிட்டால் என்ன செய்ய?

தக்கலை சித்தப்பா: இரண்டு மின்னழுத்தத்தை ஒப்பிடும் ஐசியான எல்எம்393 ஒன்றும் பஸ்ஸரும் போடலாம். மக்களே, அந்த ஐசி தன் பங்குக்குச் சில மில்லிவோல்ட் பிசகும். அதனால் காகிதத்தில் உள்ள 503ஐ நம்பி வைக்காதே. குழாயை 60 டிகிரி வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டு, கூவும் இடம் வரை, ஒப்பிடும் மின்னழுத்தத்தை மாற்றும் பிரீசெட் திருகைத் திருப்பு. எல்லாப் பிசகும் அதிலேயே அடங்கிவிடும்.

வியாழக்கிழமை

குலசேகரம் பெரியம்மா: இரவு 2 மணிக்குக் கூவியது. எழுந்து பார்த்தேன், 502. போய் இரண்டு விறகை வெளியே இழுத்துப் போட்டேன். காகிதத்தைப் பார்த்தபடியே நின்றேன், 508, 515, 520.

குலசேகரம் பெரியம்மா: (படம்)

குலசேகரம் பெரியம்மா: காலையில் இறக்கிய ஷீட். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு குமிழி கிடையாது.

மார்த்தாண்டம் அத்தை: தேன் நிறம்! தம்பி, எனக்கு எப்போது?

தக்கலை சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை அக்கா. 35 டிகிரிக்கு 560ஐ ஒட்டி வரும். ஐஸ் மட்டும் வாங்கி வையுங்கள்.