ரவுஸ் சிமன்ஸ்: கிறிஸ்துமஸ் மரக் கப்பலோடு உங்கள் அனுபவம்?

கெவானிக்குப் போனவன்:
ரவுஸ் சிமன்ஸ், சிகாகோவுக்குக் கிறிஸ்துமஸ் மரம் ஏற்றிவரும்போது 1912இல் மிச்சிகன் ஏரியில் மூழ்கிய பாய்க்கப்பல். அந்தக் கதை இங்கே பலருக்குத் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் விஸ்கான்சினில், அந்த ஏரிக்கரையில் உள்ள கெவானியில் வண்டியை நிறுத்தினேன். மதியம் மூன்று மணி இருக்கும். 1912 நவம்பர் 23 அன்று ஏறக்குறைய இதே நேரத்தில்தான் அங்கிருந்த உயிர்காப்பு நிலையத்தார் அந்தக் கப்பலைப் பார்த்தார்கள். மூன்று பாய்மரம், கொடி அரைக்கம்பத்தில், அதாவது ஆபத்து என்று அடையாளம். துறைமுகத்து இழுவைக் கப்பல் அப்போது ஊரில் இல்லை. தெற்கே டூ ரிவர்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள், அங்கிருந்து மோட்டார் படகு போய்த் தேடியது. கப்பல் அகப்படவில்லை.

நான் நின்றபோது தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று பனி கொட்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் கப்பலைக் காணோம். அது பத்திரமாகத்தான் போயிருக்கும். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் என்னை விடமாட்டேன் என்கிறது.

சிகாகோ வடக்கு:
எனக்கு கேப்டன் ஹெர்மன் ஷூனமன் மேல் கோபம்தான் வருகிறது. கப்பல் 1868இல் கட்டியது, 44 வயது. ஆகஸ்ட் என்ற அவருடைய அண்ணன் 1898 நவம்பரில் இதே போல மரம் ஏற்றி வரும்போது இதே ஏரியில்தான் போனார். அது தெரிந்தும் மேல்தளம் வரை மரத்தை அடுக்கிக்கொண்டு நவம்பர் புயலில் பாய் விரிக்கலாமா?

அகேஷியா பார்க் கல்லறைக்கு ஒருமுறை போனேன். கல்லில் அவர் பெயர், மனைவி பார்பரா பெயர், நடுவில் ஒரு சின்ன ஊசியிலை மரம். பார்பராவை மட்டும்தான் அங்கே புதைத்திருக்கிறார்கள், கேப்டன் ஏரியோடு போனவர். அந்தக் கல்லைத் தொட்டதும் என்னையறியாமல் "ஏன்யா போனீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

ஆழம்50:
மேலே எழுதியவருக்கு: பேராசை என்று முடிவு கட்டாதீர்கள். ரயிலும் நீராவிக் கப்பலும் நல்ல சரக்கையெல்லாம் கொண்டுபோன காலம் அது. பழைய பாய்க்கப்பலுக்கு மிஞ்சியது இந்த மாதிரிச் சரக்குதான். சிகாகோவில் கிளார்க் தெருப் பாலத்தடியில் கப்பலைக் கட்டி, தளத்திலிருந்தே விற்றார்கள். இடைத்தரகர் கிடையாது, ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் விலை. அவர் போன பிறகு பார்பராவும் மகள்களும் அதே மர வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அவர் மேல் கோபம் இருந்ததா?

மூழ்கிக் கிடக்கும் அந்தக் கப்பலுக்கு நான் ஒருமுறை முக்குளித்து இறங்கியிருக்கிறேன். சரக்கறைக்குள் விளக்கை அடித்தால் மரத்தண்டுகள், அடுக்கினது அடுக்கினபடி. அவ்வளவுதான் பார்த்தேன். மூச்சு ஏறிவிட்டது, திரும்பிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆழம் சுமார் 50 மீட்டர். சாதாரண முக்குளிப்புச் சான்றிதழ் 40 மீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தனிப்பயிற்சி, ஹீலியம் கலந்த வாயு, நீர் புகாத உடை எல்லாம் வேண்டும். கோடையிலும் அடியில் விறைக்கும். எதையும் தொடாதீர்கள், ஒரு ஆணிகூட எடுக்காதீர்கள். 2021 முதல் அந்தக் கரையோரம் தேசியக் கடல்சார் சரணாலயம்.

அப்புறம், "மேலே தூக்கிவிடலாமே" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஆல்வின் கிளார்க் 1864இல் மூழ்கிய கப்பல். நன்னீர்க் குளிரில் கெடாமல் கிடந்ததை 1969இல் தூக்கினார்கள். காற்றுப் பட்டதும் மரம் காய்ந்து, வெடித்து, உளுத்துப்போனது. பராமரிக்கப் பணம் இல்லாமல் 1994இல் இடித்தே போட்டார்கள். ரவுஸ் சிமன்ஸ் 1971இல் கண்டுபிடித்த இடத்திலேயே இருக்கட்டும்.

மரம் இறக்கியவள்:
இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. டிசம்பர் தொடக்கத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் மேக்கினா கப்பல் சிகாகோவின் நேவி பியர் துறைக்கு மரங்களைக் கொண்டுவரும், தெரியும்தானே? வசதியில்லாத குடும்பங்களுக்குக் கொடுப்பதற்கு. ஒரு வருடம் இறக்கிவைக்கப் போனேன். முதலில் மூழ்கியவர்களுக்காக மணி அடித்தார்கள், தண்ணீரில் மலர்வளையம் விட்டார்கள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் கைமாற்றிக் கைமாற்றி ஒரு மரம் என்னிடம் வந்தது. அடிமரத்தில் பிசின் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு அடுத்து நின்ற பையன், "அக்கா, கொடுங்க, வரிசை நிக்குது" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் கொடுத்தேன்.