புதுப்பிப்பு: கோயில் கணினி விடிகாலை 4.30க்குத் தானே எழுந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊர் அம்மன் கோயிலில் மார்கழிப் பாட்டு போடும் கணினிக்கு மதர்போர்டு மாற்றினோம், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஆர்டிசி அலாரம் (போர்டு கடிகாரம் குறித்த நேரத்தில் கணினியைத் தானே ஆன் செய்யும் வசதி) வைத்தும் 4.30க்கு ஆன் ஆகவில்லை. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதல் கோளாறு பயாஸில் உள்ள இஆர்பி என்ற மின்சிக்கன அமைப்பு. புது போர்டில் அது இயக்கத்தில் இருந்தது. கணினியை நிறுத்தியதும் போர்டு ஓரத்துச் சின்ன விளக்குகூட அணைந்துவிடும். அதாவது கணினி நின்றிருக்கும்போதும் வரவேண்டிய 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமே போர்டுக்குப் போகவில்லை. பிறகு அலாரம் எதை எழுப்பும்? இஆர்பியை நிறுத்தினேன், விளக்கு எரிந்தது.

மறுநாள் நானும் பூசாரி மாமாவும் பனியில் காத்து நின்றோம். 4.30 ஆச்சு, அஞ்சு ஆச்சு, சத்தமே இல்லை. மாமா மணியை அடித்துப் பூசையை ஆரம்பித்துவிட்டார். சரியாகப் பத்து மணிக்கு, யாரும் தொடாமலே, ஒலிபெருக்கியில் பாட்டு!

அந்தப் பத்து மணிதான் விடை. இந்தக் கணினியில் இருப்பது உபுண்டு என்ற இயங்குதளம். அது போர்டு கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கும். நம்ம நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். பயாஸில் 4.30 என்றால் நமக்குப் பத்து. பழைய போர்டில் 23.00 என்று இருந்ததைத் தப்பென்று நினைத்து 4.30 என்று போட்டது நான்தான்.

இப்போது 23.00 (நமக்கு விடிகாலை 4.30), தினமும். மூணு நாளாகச் சரியாக எழுகிறது. ராத்திரி பிளக் சுவிட்சை யாரும் அணைக்காமலிருக்க மேலே டேப் ஒட்டியிருக்கிறேன்.