டபுள் பேஸ் வாடகைக்குக் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் எங்கள் கல்லூரி அரங்கில் மாணவர் ஜாஸ் குழுவின் கச்சேரி. கூடவே வாசிக்க, பேர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஒருவரும் டபுள் பேஸ் கலைஞர் ஒருவரும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். சாக்ஸபோன் கையோடு வந்துவிடும். டபுள் பேஸோ வயலின் மாதிரியான பெரிய தந்தி வாத்தியம், ஆள் உயரம். அதை விமானத்தில் ஏற்றும் செலவில் இன்னொரு கச்சேரியே வைக்கலாம்! ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்குமாகச் சென்னையிலேயே வாடகைக்குத் தேடுகிறோம். பேஸ் கிடார் வேண்டாம், ப்ளீஸ். ஜாஸில் வில்லைவிட விரலால் சுண்டித்தான் அதிகம் வாசிப்பார்கள்; அதனால் தந்திகள் விரல்பலகையிலிருந்து ரொம்ப உயரமாக இல்லாமல், பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் சின்னக் கருவி) பொருத்தியதாக இருந்தால் நல்லது. கோடம்பாக்கம், வடபழனி பக்கம் ரெக்கார்டிங்கில் வாசிப்பவர்கள் யாரையாவது தெரியுமா? வண்டிச் செலவு, முன்பணம் எங்கள் பொறுப்பு. அப்புறம், உறை இருக்கிறதா என்றும் சொல்லுங்கள், மழையை நம்ப முடியாது. இன்பாக்ஸில் எழுதினால் போதும்.