ஃபோர்க்ளோஷர் நோட்டீஸ் வந்திருக்கு, எடிசன் (நியூஜெர்சி) பக்கம் லாயர் எப்படி பாத்து பிடிக்கிறது?

எடிசன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரருக்கு லேஆஃப் ஆகி எட்டு மாசம் ஆச்சு, கையில இருந்ததை வச்சு கொஞ்ச நாள் மார்ட்கேஜ் (வீட்டு லோன்) கட்டினோம், இப்ப நாலு மாசமா கட்ட முடியல. போன வாரம் சர்டிஃபைட் மெயில்ல நோட்டீஸ் ஆஃப் இன்டென்ஷன் டு ஃபோர்க்ளோஸ் வந்துச்சு, அதாவது பாக்கியைக் கட்டலன்னா வீட்டை எடுக்க பேங்க் கேஸ் போடும்னு. பொண்ணு அதை எடுத்துப் படிச்சுட்டு "அம்மா, நாம வீடு மாறப் போறோமா"ன்னு கேட்டா, எனக்கு பேச்சே வரல. அதுக்கப்புறம் யார் யாரோ போன் பண்றாங்க, ஒருத்தர் 3,500 டாலர் முன்னாடியே கட்டுங்க, பேங்க்கோட நீங்க பேசவே கூடாது, நாங்க பாத்துக்கறோம்ங்கறார். நம்பலாமா? நல்ல லாயரை எப்படி கண்டுபிடிக்கிறது?

பழைய ஜெர்சிக்காரன்:
தங்கச்சி, அந்த ஆளுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. லாயர் இல்லாத கம்பெனி லோனை மாத்தி வாங்கித் தர்றேன்னு சொல்லி முன்பணம் வாங்குறதே ஃபெடரல் ரூல்படி தப்பு, பேங்க்கோட பேசாதன்னு சொல்றதும் தப்பு. வீட்டுப் பத்திரத்தை தற்காலிகமா எங்க பேருக்கு மாத்துங்கன்னு கேட்டா அப்பவே போனை வச்சிடுங்க.
இன்னொன்னு, உங்க மேல இன்னும் கேஸ் போடல. நியூஜெர்சில இந்த நோட்டீஸ் குடுத்து 30 நாளாவது கழிச்சுதான் கோர்ட்டுக்கே போக முடியும். சம்மன்ஸ் கையில குடுத்த நாள்ல இருந்து 35 நாளைக்குள்ள பதில் ஃபைல் பண்ணணும். கவரைக் கிழிச்ச உடனே தேதியோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, லாயர் கேக்குற முதல் கேள்வி அதுதான்.

மிடில்செக்ஸ் அம்மா:
நாங்க இதுல அடிபட்டவங்க, அதனால சொல்றேன். வீடு வாங்கும்போது க்ளோசிங் (பத்திர வேலை) பண்ணிக் குடுத்த லாயர்கிட்டயே போனோம், தெரிஞ்சவர்தானேன்னு. அவர் பேங்க்கோட பேசிட்டு இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தார், 35 நாள் ஓடியே போச்சு, பதில் ஃபைல் ஆகல, நாங்க பதில் சொல்லலன்னு கோர்ட்ல டிஃபால்ட் விழுந்துடுச்சு. அப்புறம் வேற லாயர் வந்து அதை நீக்கக் கேட்டு மோஷன் (மனு) போட்டு, ரெண்டு செலவு. வீடு வாங்க விக்க உதவுற லாயர் வேற, ஃபோர்க்ளோஷர் கேஸ் நடக்குற நியூ பிரன்ஸ்விக் சான்சரி கோர்ட்ல நின்னு வீட்டுக்காரங்க பக்கம் வாதாடுற லாயர் வேற. நேரா கேளுங்க: நீங்க வீட்டுக்காரங்களுக்கா பேங்க்குக்கா வேலை பாக்குறீங்க, போன வருஷம் இந்த கவுண்டில எத்தனை பதில் ஃபைல் பண்ணீங்க, என் ஃபைலை நீங்களே பாப்பீங்களா ஜூனியர்கிட்ட குடுப்பீங்களா. ஃபீஸ் எதுக்கு எவ்வளவு, மீடியேஷன் (பேங்க்கோட சமரசப் பேச்சு) அதுல சேருமா, எல்லாம் எழுத்துல வாங்கிடுங்க. வீட்டை கட்டாயம் காப்பாத்திடுவேன்னு சத்தியம் பண்றவர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.
லைசென்ஸ் இருக்கான்னு நியூஜெர்சி கோர்ட் சைட்ல பேரைப் போட்டா தெரியும். கவுண்டி பார் அசோசியேஷனுக்கு (லாயர்கள் சங்கம்) போன் பண்ணா ரெஃபரல் குடுப்பாங்க.

டல்லாஸ் தம்பி:
உள்ளூர் லாயர் ஏன் வேணும்னா, எங்க டெக்சாஸ்ல பெரும்பாலும் கோர்ட்டே கிடையாது. 21 நாள் நோட்டீஸ், மாசத்தோட முதல் செவ்வாய்க்கிழமை ஏலம், அவ்ளோதான். எங்க ஊர்ல கேட்டதை வச்சு நீங்க எதையும் முடிவு பண்ணாதீங்க அக்கா.

பழைய ஜெர்சிக்காரன்:
விட்டுப்போச்சு, லாயரைத் தேடறதோட சேத்து ஹட் (ஃபெடரல் வீட்டுவசதித் துறை) அங்கீகாரம் பெத்த ஹவுசிங் கவுன்சலரையும் பாருங்க, காசே கிடையாது. லோன் மாடிஃபிகேஷன் (லோனை மாத்திக் கேக்குற) அப்ளிகேஷன்ல பே ஸ்டப் (சம்பள ரசீது), பேங்க் ஸ்டேட்மென்ட், கஷ்டத்தை விளக்கி எழுதுற லெட்டர்னு ஒரு பேப்பர் குறைஞ்சாலும் முழுமை ஆகலன்னு திருப்பிடுவாங்க, அதை அவங்க கூட உக்காந்து சரி பண்ணுவாங்க. ஷெரிஃப் சேலுக்கு (கேஸ் முடிஞ்சு வீட்டை ஏலம் விடுறது) 37 நாளுக்கு மேல இருக்கும்போதே முழுசா போட்டுட்டா, அதுக்கு முடிவு சொல்லாம பேங்க் ஏலத்துக்குப் போக முடியாது. வருமானம் குறைச்சல்னா லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூஜெர்சிக்கும் கூப்பிட்டுப் பாருங்க, தகுதி இருந்தா ஃபீஸ் இல்லாமலே உதவி கிடைக்கும்.

எடிசன்வாசி:
அண்ணா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த 3,500 டாலர் ஆளோட நம்பரை பிளாக் பண்ணிட்டேன். கவுன்சலர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிருக்காங்க, ரெண்டு லாயர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கேன். அக்கா சொன்ன கேள்வியெல்லாம் நோட்டுல எழுதிட்டேன். இப்ப டைனிங் டேபிள் பூரா பே ஸ்டப்தான், பொண்ணு மாச வாரியா அடுக்கித் தந்துட்டு இருக்கா.