சினிக்கின் ‘ஃபோகஸ்’: அந்த ரோபோ குரலை எப்படித் தாண்டுவது?

கேட்டவர்: கடைசி பெஞ்ச்

டெத் மெட்டல் (உறுமிப் பாடுகிற முரட்டு ராக் இசை) கேட்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. டெத் குழுவின் ‘ஹ்யூமன்’ (1991) கேட்டு அந்த டிரம்ஸில் விழுந்து, வாசித்தது யார் என்று தேடி, ஷான் ரைனர்ட்டின் சொந்தக் குழுவான சினிக்குக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஆல்பம் ‘ஃபோகஸ்’. டிரம்ஸ் பிரமாதம். ஆனால் நடுநடுவே ரோபோ பாடுகிற மாதிரி ஒரு குரல்! மூன்று தடவை முயன்றும் இரண்டாவது பாட்டைத் தாண்டவில்லை. 1993-இல் வந்தபோதே இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா?

பதில்: பழைய கேசட்

எங்கே கொண்டாடினார்கள் தம்பி! நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் நான் முதலில் கேட்டேன். அந்தக் குரல் வந்ததும் டேப் ஹெட் அழுக்காகிவிட்டது என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மறுபடி போட்டால் அதே குரல். அப்போதுதான் புரிந்தது, கோளாறு டேப்பில் இல்லை!

அது குழுவின் கிட்டார்காரர் பால் மாஸ்விடாலின் குரலேதான், வோகோடர் என்ற குரலை இயந்திரக் குரலாக மாற்றுகிற கருவி வழியாக வருகிறது. பழைய டெமோக்களில் அவர்தான் உறுமினார். இப்படியே போனால் குரல் போய்விடும் என்று அவருக்கு எச்சரிக்கை வந்ததால் உறுமலை டோனி டீகார்டன் என்ற பாடகரிடம் கொடுத்துவிட்டார்கள்.

பதிவும் லேசில் முடியவில்லை. இவர்கள் மயாமிக்காரர்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைப் புரட்டிப்போட்டது. பயிற்சி செய்த இடமே போயிற்று. அப்புறம்தான் டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸோடு பதிவு. 1994-இல் கேனிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவோடு சுற்றுப்பயணம் போனார்கள். ரத்தமும் எலும்பும் கேட்க வந்த கூட்டத்தின் முன் ஜாஸ் கலந்து வாசித்தால் என்ன ஆகும்? வரவேற்பு கசப்புதான். அந்த வருஷமே குழு கலைந்தது. பெயர் எல்லாம் பிறகு மெல்ல மெல்ல வந்தது. ‘வெயில் ஆஃப் மாயா’ என்று ஒரு குழு இருக்கிறதே, அந்தப் பெயர் இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. அடுத்த ஆல்பம் வர 2008 ஆகிவிட்டது.

பதில்: டபுள் பேஸ்

எனக்கு இன்றுவரை அந்தக் குரல் ஒட்டவில்லை அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். நான் ஷான் மலோனின் பேஸ் கிட்டாருக்காக மட்டும் கேட்கிறேன். ரைனர்ட், மலோன் இருவருமே 2020-இல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் கேட்கும்போது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது.

கடைசி பெஞ்ச், வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். ஆறாவது ‘யூரோபோரிக் ஃபார்ம்ஸ்’ டெமோ காலத்துப் பாட்டு, உங்களுக்குப் பழகிய முரட்டுத்தனம் இருக்கும். அடுத்தது ‘டெக்ஸ்சர்ஸ்’, அதில் குரலே கிடையாது.

கேட்டவர்: கடைசி பெஞ்ச்

நேற்று பஸ்ஸில் ஆறிலிருந்து போட்டேன். ‘டெக்ஸ்சர்ஸ்’ மட்டும் நாலு தடவை ஓடிவிட்டது, என் ஸ்டாப்பிங்கும் போய்விட்டது. முதல் பாட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை. ஸ்பிரிட் பாட்டிலைத் தயாராக வைத்திருக்கிறேன் அண்ணே.