பேசேஜில் சொன்னதா, நமக்குத் தெரிந்ததா? என்.டி.ஏ., சி.டி.எஸ். ஆங்கிலத் தாள் அனுபவங்கள்

கரிசல்காட்டான்

முப்படை அதிகாரிப் பயிற்சியில் சேர்வதற்கான என்.டி.ஏ. தேர்வு எழுத வந்த அக்கா மகனோடு மதுரைக்குப் போயிருந்தேன். காலையில் கணக்கு, மதியம் ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த ஜி.ஏ.டி. தாள். நடுவில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கணக்கு விடையை ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாடு இறங்காது.

வேப்பமரத்தடியில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பையன். முதுகுளத்தூர்ப் பக்கம், துணைக்கு யாரும் இல்லை. மாக் டெஸ்ட் ஜெராக்ஸ் ஒன்றை என்னிடம் நீட்டி, "அண்ணே, இது எப்படிண்ணே தப்பாகும்?" என்று கேட்டான்.

அதில் வாசித்து விடை சொல்ல வேண்டிய பேசேஜ் நிலத்தடி நீர் பற்றியது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போகிறது. கேள்வி, ஆசிரியர் சொல்லும் முக்கியக் காரணம் எது என்பது. அவன் குளங்கள் தூர்ந்துபோனதை டிக் அடித்திருந்தான். பின்னால் இருந்த விடைப்பட்டியலில் ஆழ்துளைக் கிணறு.

"எங்க ஊர்ல போர் போட்டா உப்புத் தண்ணிதாண்ணே வரும், யாரும் போடுறதில்ல. கண்மாய்ல கருவேலம் மண்டி, வரத்துக்கால் அடைபட்டுத்தான் தண்ணி போச்சு. இதை எழுதுனவரு எங்க ஊரப் பாத்துருக்காரா?"

"கேள்வி உங்க ஊரைப் பத்தி இல்லப்பா, இந்தப் பத்தியைப் பத்தி" என்றேன்.

"அப்ப தப்புன்னு தெரிஞ்சாலும் அவரு சொன்னதத்தான் எழுதணுமா?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அட்மிட் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினான். முகத்தில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. ஜி.ஏ.டி.யில் முதலில் வருவதே ஆங்கிலம்தான். 50 கேள்வி, சரியானால் 4 மார்க், தப்பானால் 1.33 போய்விடும். அந்த மனநிலையில் பேசேஜை எப்படிப் படித்திருப்பானோ. இப்படிக் கேட்கும் பையனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

வெண்ணாற்றங்கரை

எனக்குப் பேசேஜைவிட, வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிக்கும் ஸ்பாட்டிங் எரர்ஸ்தான் மனதை அறுக்கிறது. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வில் ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) மட்டும் எழுதுகிறேன், அதனால் கணக்குத் தாள் கிடையாது. ஆங்கிலம் 100, ஜி.கே. 100, அவ்வளவுதான். பாதி மார்க் ஆங்கிலத்தில் இருக்கிறது.

கோச்சிங் வகுப்பில் ஒரு சார் வருவார். "ரூல் எல்லாம் தலையில ஏத்திக்காதீங்க. வாக்கியத்தை மனசுக்குள்ள வாசிங்க, காதுல எங்க இடறுதோ அங்கதான் தப்பு" என்பார். ஆங்கிலோ இந்தியன் பள்ளியில் படித்து வந்தவர்கள் டக் டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், வகுப்பில் வாயே திறக்க மாட்டார். "சார், எங்க காதுல எதுவுமே இடறலையே சார்" என்றார். சார் ஒரு நொடி அவரைப் பார்த்தார். அப்புறம் "சரி, அடுத்த கேள்வி" என்று போய்விட்டார். அக்கா நின்றுகொண்டே இருந்தார், பக்கத்தில் இருந்தவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எப்படி இடறும்? "டிஸ்கஸ் அபௌட்", "ரிட்டர்ன் பேக்", "கசின் பிரதர்", "ஐ ஆம் ஹேவிங் எ டௌட்", "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்". காலேஜிலும் பேங்கிலும் டி.வி.யிலும் கேட்டு வளர்ந்தது இதைத்தான். அந்தக் காது இதையெல்லாம் சரி என்றுதான் சொல்லும். தாளில் வருவதும் பெரும்பாலும் இந்த மாதிரித் தப்புகள்தான்.

சாக்பீஸ்

அந்த சாரை ஒரேயடியாகக் குறை சொல்ல வேண்டாம். காது உதவும், ஆனால் நிறைய வாசித்த பிறகுதான் உதவும். அதுவரை விதிதான் துணை.

என்னிடம் படித்த ஒரு பாலிடெக்னிக் பையன், சந்தேகம் வந்தால் உடனே கடைசி ஆப்ஷனான "நோ எரர்" அடித்துவிடுவான். ஏன்டா என்று கேட்டேன். "அச்சுல வந்ததத் தப்புன்னு சொல்ல மனசு வரல சார்" என்றான். அந்தப் பதில் இன்றுவரை எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது எழுதுபவர்களுக்காகச் சொல்கிறேன். வாக்கியத்தை வாசித்ததும் முதலில் வினையைப் பிடியுங்கள், அப்புறம் அந்த வினைக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடுங்கள். நடுவில் "அலாங் வித்", "அஸ் வெல் அஸ்", "டுகெதர் வித்" என்று எது வந்தாலும் பொருட்படுத்தாதீர்கள். கேப்டனும் கூடவே பத்து ஆட்டக்காரர்களும் வந்தாலும், அது "அலாங் வித்" ஆக இருந்தால் கேப்டன் ஒருவருக்குத்தான் வினை. "வாஸ்" வரும், "வேர்" வராது. "ஒன் ஆஃப்" வந்தால் பின்னால் வரும் பெயர் பன்மை, வினை ஒருமை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டாலே சில மார்க் கையில் நிற்கும்.

அடுத்தது ஜோடிகள். "நோ சூனர்" வந்தால் "தேன்". "ஹார்ட்லி", "ஸ்கேர்ஸ்லி" வந்தால் "வென்". "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "ப்ரிஃபர்" எல்லாவற்றுக்கும் "டு", "தேன்" கிடையாது. "இன்ஃபர்மேஷன்", "ஃபர்னிச்சர்", "லக்கேஜ்", "அட்வைஸ்", "சீனரி" எதற்கும் எஸ் சேராது. "ஸின்ஸ் 2015" என்று கண்ணில் பட்டால் உடனே வினையைப் பாருங்கள். 2015லிருந்து இங்கே இருக்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் யோசிப்பதால் "ஐ ஆம் லிவிங்" நமக்குத் தப்பாகவே தெரியாது. அங்கே "ஹேவ் பீன் லிவிங்" தான் வர வேண்டும்.

பி, க்யூ, ஆர், எஸ் என்று பெயரிட்டுக் கலைத்துப் போட்ட துண்டுகளை வரிசைப்படுத்தும் கேள்வியில் முதல் வாக்கியத்தைத் தேடி நேரத்தை வீணடிக்காதீர்கள். பிரிக்க முடியாத ஒரு ஜோடியைக் கண்டுபிடியுங்கள். "ஹீ", "திஸ்", "ஸச்" என்று தொடங்கும் துண்டு இருந்தால், அது யாரை, எதைச் சொல்கிறதோ அந்தத் துண்டு அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். ஒரு பொருள் முதல்முறை வரும்போது பெரும்பாலும் "எ", மறுபடி வரும்போது "த". ஒரு ஜோடி கிடைத்தாலே நாலு ஆப்ஷனில் இரண்டு அடிபட்டுவிடும்.

நேரம்: சி.டி.எஸ். ஆங்கிலத்தில் 120 கேள்விக்கு 120 நிமிடம். சினனிம், ஆன்டனிம் எல்லாம் தெரிந்தால் பத்து விநாடி, தெரியாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும். தப்பு விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். அங்கே மிச்சமாகும் நேரத்தைப் பேசேஜுக்குக் கொடுங்கள்.

முதல் பதிவு போட்டவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் கேட்டதற்கு அவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. பரீட்சை அப்படித்தான், எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வெண்ணாற்றங்கரை

நன்றி சார், ஜோடிகளைக் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் விதி கேட்கவில்லை. அந்த அக்காவுக்கு வகுப்பிலேயே ஏன் ஒரு பதில் கிடைக்கவில்லை என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. "பரீட்சை அப்படித்தான்" என்பதும் கிட்டத்தட்ட "சரி, அடுத்த கேள்வி" மாதிரியே இருக்கிறது.

பாலாற்று ஹவில்தார்

வேலூர் மாவட்டம். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். ஓய்வு பெற்று வந்தபின் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பையன்களை ஓட விடுகிறேன். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கிற பையன்கள் நிறையப் பேர். அதில் அக்னிவீர் கிளார்க் பிரிவுக்குத் தயாராகிறவர்கள் இங்கிலீஷ் என்றதும் சுருண்டுவிடுகிறார்கள். "டெஸ்க்ல உக்கார்ற வேலைதானே, இதுக்கு எதுக்கு அய்யா இவ்வளவு பேசேஜ்?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

யூனிட்டில் எழுத்தில் ஓர் உத்தரவு வந்தது. வண்டிகள் கிளம்ப வேண்டிய நேரம், "நாட் லேட்டர் தேன் 0600". புதிதாக வந்த ஒருவன் அவசரமாக வாசித்து, "லேட்டர்", "0600" என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டான். ஆறு மணிக்கு மேல் என்று கூட இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டான். ஐந்தே முக்காலுக்கு சுபேதார் சாப் வந்து பார்க்கிறார், டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வண்டியில்கூட சாமான் ஏறவில்லை. நல்லவேளை, அது பயிற்சி. அந்தப் பையன் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வாசித்தான். "நாட்" என்ற சொல்லில் அவன் விரல் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவனுக்கு அந்த வரியில் தெரியாத சொல் ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரியும், ஆனால் வாசிக்கவில்லை.

பேசேஜ் கேள்வியில் "நாட்", "எக்ஸெப்ட்", "லீஸ்ட்", "ஒன்லி" வரும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடு என்று எங்கள் பையன்களிடம் சொல்கிறேன். சாக்பீஸ் மாஸ்டர் சொல்கிற விதிகள் எல்லாம் சரிதான், ஆனால் அதற்கு முன்னால் கண் வரியில் நிற்க வேண்டும்.

மலைக்கோட்டை நிழல்

ஹவில்தார் அய்யா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தையே எல்லாமாக நினைத்துவிடக் கூடாது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் சோதிக்கும் பெங்களூரு எஸ்.எஸ்.பி.யில் முதல் நாள் ஸ்கிரீனிங். பி.பி.டி.டி. என்ற சோதனையில் ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும், அப்புறம் குழுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர், மெட்ரோ நகரத்துக்காரர், வழுக்கிக்கொண்டு போகும் ஆங்கிலம். இன்னொருவன் தென்காசிப் பக்கம். "ஹீ கோ டு வில்லேஜ், ஹீ கால் ஆல் யூத்" என்றுதான் பேசினான். ஆனால் அவன் கதையில் கிணறு எங்கே இருக்கிறது, யார் கயிறு கொண்டு வருகிறார்கள், ஆம்புலன்ஸுக்கு யார் போன் பண்ணுகிறார்கள் எல்லாம் இருந்தது. மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்தவர் சொன்ன ஒரு நல்ல யோசனையைச் சுட்டிக்காட்டி, "ஹிஸ் பாயிண்ட் குட், வீ டேக்" என்றான். சாயங்காலம் தேறியவர்கள் என்று வாசித்த எண்களில் அவன் எண் இருந்தது. அந்த நகரத்துக்காரரும் நானும் ஒரே ஆட்டோவில் ரயில்வே ஸ்டேஷன் போனோம். அவர் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தவர் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்வதும் காம்ப்ரிஹென்ஷன்தானே. அதற்கு அங்கே மதிப்பு இருந்தது.

சாக்பீஸ்

அவன் எஸ்.எஸ்.பி. வரை வந்ததே எழுத்துத் தேர்வில் "ஹீ கோஸ்" எது, "ஹீ கோ" எது என்று சரியாக அடித்ததால்தான் தம்பி. இதைப் படிக்கிற பையன்கள் இலக்கணம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். வெண்ணாற்றங்கரை அம்மா, அந்த அக்கா நம்பர் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். பீஸ் எதுவும் வேண்டாம்.

கொள்ளிடத்து அம்மா

என் மகன் ஏழாம் வகுப்பு, டேராடூனில் உள்ள ஆர்.ஐ.எம்.சி. என்ற ராணுவப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். அங்கே ஆங்கிலம் 125 மார்க், டிக் அடிக்க முடியாது, எழுத வேண்டும். பேசேஜில் ஒரு கிழவர், வழி காட்டியதற்காகப் பயணி கொடுத்த காசை வாங்க மறுக்கிறார். ஏன் மறுத்தார் என்று கேள்வி. "அவர் காசுக்காக வழி காட்டவில்லை" என்று எழுதினான். டியூஷன் மிஸ், பேசேஜில் அப்படி வரி இல்லை என்று அடித்துவிட்டார். ஆனால் அதற்கு முந்தின வரியிலேயே "எங்கள் ஊருக்கு வந்தவர் எங்கள் விருந்தாளி" என்று கிழவர் சொல்கிறார். அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "அம்மா, இதுலதானே இருக்கு?" என்றான். எனக்கு அவன் சொன்னது சரியாகவே படுகிறது. மேலே அந்த முதுகுளத்தூர்ப் பையன் செய்ததும் இவன் செய்ததும் ஒன்றா?

பாலாற்று ஹவில்தார்

ஒன்று இல்லை தாயி. உங்கள் மகனுக்கு விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருக்கிறது. "இன்ஃபர்" என்று கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள்: இருக்கிற வரியிலிருந்து ஓர் அடி மட்டும் நகர்ந்து சொல். முதுகுளத்தூர்ப் பையனுக்கு வரி இல்லை, ஊர் இருக்கிறது.

அவனிடம் நான் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன். தம்பி, காவலுக்கு நிற்கும் சென்ட்ரி உன்னிடம் ஒரு சேதி சொல்லி ஆபீசரிடம் சொல்லச் சொன்னால், அவன் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவன் பார்த்தது தப்பு என்று உனக்குத் தோன்றினாலும் சேதியை மாற்றக் கூடாது. "அவன் சொன்னது இது, நான் நினைப்பது இது" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பேசேஜில் கேட்பது முதல் பாதியை மட்டும். இரண்டாவது பாதியை எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவில் கேட்பார்கள். உன் ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்கும்போது கண்மாயையும் வரத்துக்காலையும் கருவேலத்தையும் எடுத்து வை. அதை உன்னை மாதிரி சொல்ல இன்னொருத்தன் கிடைக்க மாட்டான்.

கரிசல்காட்டான்

அய்யா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவன் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா மகன் அடுத்த முறையும் எழுதப் போகிறான், அவனிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுகிறேன். என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வுகளை நடத்தும் யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு விடைக்கும் பேசேஜில் எந்த வரி என்று ஓரத்தில் எண் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். எண் போட முடியாத விடையை டிக் அடிக்கக் கூடாது என்று பேச்சு. கொள்ளிடத்து அம்மா, அந்த மிஸ்ஸிடம் கிழவர் சொன்ன வரியைக் காட்டி மார்க்கைத் திருப்பிக் கேளுங்கள்.