பற்றரிக் கொள்ளளவு இறங்கின மின்காருக்கு நட்டஈடு கேக்க வழி இருக்கோ?

கொக்குவிலான்:
வணக்கம் உறவுகளே. என்ர கார் 2012இல ஜப்பானில செய்தது. அங்க ஓடின பிறகு றீகண்டிசனா இஞ்ச இறக்கினது. கொம்பனிப் பேரை எழுதேல்லை. வாங்கின புதுசில யாழ்ப்பாணத்தில ஏறினால் கிளிநொச்சி மாமி வீடு மட்டும் யோசனையில்லாமல் போவன். இப்ப ஆனையிறவு தாண்டவே நெஞ்சு பதைக்குது. ஏசியும் போடுறேல்லை.

இறக்கி வித்தவர் பற்றரிக்குத் தான் பொறுப்பில்லை எண்டுறார். கொம்பனியின்ர முகவர், தாங்கள் இறக்காத வாகனம் எண்டு கையை விரிக்கிறார். பெற்றோல் காரில எஞ்சின் பாதி வலு இழந்தால் இப்பிடிச் சொல்லுவினமோ? அமெரிக்காவில இதே பிரச்சினைக்கு ஒரு மின்கார்க் கொம்பனி இறங்கி வந்தது எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?

மின்பொறி:
உண்மைதான், அது நிசான் லீஃப். 24 கிலோவாட் மணி பற்றரி, அதைக் குளிர்த்த விசிறிகூட இல்லை. 2012 கோடையில அரிசோனாவின்ர பீனிக்ஸ் வெக்கையில முகப்பில பற்றரியின்ர கொள்ளளவைக் காட்டுற 12 கோடும் ஒவ்வொண்டாக் குறையத் தொடங்கினது. முதல் கோடு போகேக்கையே கொள்ளளவில ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும்.

அந்தச் சனம் தனித்தனியாப் புலம்பேல்லை, அதுதான் முக்கியம். கார்களை ஒண்டாக் கொண்டுவந்து, ஓட்டி, அளந்து எழுதி வைச்சவை. செப்டெம்பரில கலிபோர்னியாவில கூட்டு வழக்கும் போட்டாச்சு. வருசக் கடைசியில கொம்பனி உத்தரவாதம் அறிவிச்சது: 5 வருசம் அல்லது 60,000 மைலுக்குள்ள 9 கோட்டுக்குக் கீழ போனால் திருத்தித் தருவம் எண்டு. முதலே வித்த கார்களுக்கும் சேர்த்து. ஆனால் 9 கோட்டில நிண்டவைக்கு ஒரு சதமும் இல்லை. மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட இழந்தவையை வெறுங்கையோட அனுப்பினது நியாயமே இல்லை. 2014இல புதுப் பற்றரி விலை சொல்லிச்சினம்: 5,499 டொலர், பழசையும் குடுக்க வேணும்.

உங்களுக்கு அந்த உத்தரவாதம் வராது அண்ணை. அது அமெரிக்காவில வித்த கார்களுக்கு. 5 வருசமும் எப்பவோ முடிஞ்சுது.

வவுனியாப் பொடியன்:
அண்ணை, முழுப் பற்றரிக்கும் காசு கட்ட முதல் பற்றரிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லின்ர வோல்ற்றேச்சையும் பாருங்கோ. ஓபிடியில (காரின்ர கோளாறு பாக்கிற செருகுவாய்) செருகிற சின்னக் கருவியும் போனும் காணும். சார்ஜ் குறைஞ்ச நேரத்தில பாத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒண்டு ரெண்டு மட்டும் தாழ்ந்து நிண்டால் அந்தச் செல்கள் இருக்கிற மொடியூல்களை (செல் கட்டுகளை) மாத்தினாலே கொஞ்சத் தூரம் திரும்பக் கிடைக்கும். எல்லாம் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் மாத்திறது வீண் செலவு. வெயிலில நிறைச்சார்ஜோட விடாதேங்கோ, அதுதான் கெதியாத் திண்டுபோடும்.

கொக்குவிலான்:
நன்றி தம்பியவை. இந்தக் கிழமை அளந்து போடுறன். வடக்கில பழைய மின்கார் வைச்சிருக்கிற ஆக்களும் இதிலயே எழுதுங்கோ: செய்த வருசம், ஓடின கிலோமீற்றர், இப்ப எத்தினை கோடு, ஆரிட்ட வாங்கினது எண்டதுக்கு பில் இருக்கோ. பத்துப் பேற்ற கணக்குச் சேர்ந்தால் முகவரிட்ட ஒண்டாப் போவம்.